காரின் இடது ஜன்னல் கண்ணாடி இறங்குகிறது, ஏற மறுக்கிறது: புது ஸ்விட்ச் போட்டும் அதே கதை

சிப்புட் கலா | சனி, இரவு 9:12

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் கார் இருபது வயதைத் தாண்டிய செடான், நாலு கதவிலும் பவர் விண்டோ. இரண்டு வாரமாக முன் இடது கண்ணாடி மட்டும் படுத்துகிறது. இறங்கச் சொன்னால் உடனே இறங்குகிறது. ஏறச் சொன்னால் பத்துத் தடவைக்கு ஒரு தடவைதான் கேட்கிறது.

போன செவ்வாய் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆப்பம் பாலிக் பலகாரம் வாங்க அம்மா கண்ணாடியை இறக்கினார். அதோடு சரி. மழையும் பிடித்துக்கொண்டது. குப்பைப் பையைக் கிழித்து மாஸ்கிங் டேப் ஒட்டி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வீடு வந்து சேர்ந்தோம். இருக்கை காய இரண்டு நாள் ஆனது.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். அவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. இரண்டு முறை அமுக்கிவிட்டு "ஸ்விட்ச் போச்சு" என்றார். 65 வெள்ளிக்கு (ரிங்கிட்) இடது கதவு ஸ்விட்ச் வாங்கிப் போட்டாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. திரும்பப் போனால் "அப்போ மோட்டார்தான், 180 வெள்ளி" என்கிறார். அடுத்த முறை கதவையே மாற்றச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது.

அப்பா தோட்டத்து வயர்மேனாக இருந்தவர். அவர் விட்டுப்போன, வோல்ட் பார்க்கும் ஊசி மீட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. பேட்டரி மாற்றினேன், வேலை செய்கிறது. எங்கே வைத்து என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நானே பார்த்துவிடுவேன். வரும் வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் சிகிச்சைக்கு ஈப்போ கூட்டிப்போக வேண்டும், அதற்குள் முடிந்தால் நல்லது.

ஓட்டுவண்டி | சனி, இரவு 9:40

மோட்டார்தான், சந்தேகமே வேண்டாம். இறங்கும்போது கண்ணாடியின் கனமே உதவி செய்யும். ஏறும்போது மோட்டார் தூக்க வேண்டும். வயதான மோட்டாரால் தூக்க முடியாது. என் பழைய காரில் இதே கதை, மோட்டார் மாற்றிய அன்றே சரியானது. 180 வெள்ளி நியாயமான விலை. மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கிராணி பேரன் | சனி, இரவு 10:05

கண்ணாடி இறங்குவதற்கு மட்டும் அவசரப்படுவது நம் ஊர் ஆட்களின் சம்பளப் பணம் மாதிரி இருக்கிறது அக்கா. இறங்கினால் இறங்கினதுதான், ஏறுவதைப் பார்க்க முடியாது.

அந்த மீட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு இருபது வெள்ளிக்கு டிஜிட்டல் ஒன்று வாங்குங்கள். ஊசியை வைத்துக்கொண்டு யார் கணக்குப் பார்ப்பது?

லிந்தாங் தம்பி | சனி, இரவு 10:31

அக்கா, நான் ஆட்டோமோட்டிவில் எஸ்கேஎம் (தொழில்திறன் சான்றிதழ்) படிக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை, அதனால் பெரியவர்கள் திருத்தலாம். மோட்டாருக்குப் போகும் முன்னால் காசு செலவில்லாத விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் கதவில் விண்டோ லாக் பட்டன் இருக்கும். அது அமுங்கியிருந்தால் மற்றக் கதவுகளின் ஸ்விட்ச் வேலை செய்யாது. உங்களுடையது இறங்குகிறது, அதனால் இது இல்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பியூசும் அப்படித்தான்: போயிருந்தால் இறங்கவும் இறங்காது.

அப்புறம் கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கம், ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகிற வயர் எல்லாம் அதற்குள்தான். இருபது வருஷம் கதவைத் திறந்து மூடியதில் உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளித்தோல் மட்டும் நல்லா இருக்கும். ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே அந்த ரப்பரை ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது கண்ணாடி அசைந்தால் அங்கேதான் நோய்.

பட்டறை மாமா | சனி, இரவு 11:20

கலாம்மா, அந்த மீட்டரைத் தூக்கிப்போடாதீர்கள். ஸ்விட்ச் பார்க்க ஊசி மீட்டரைவிட நல்லது கிடையாது. ஸ்விட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் உலோகத் துண்டு, அதாவது காண்டாக்ட், ஆட்டம் கண்டால் ஊசி நடுங்கும். டிஜிட்டலில் எண் மாறிக்கொண்டே இருக்கும், எது நிஜம் என்று தெரியாது. உங்கள் அப்பா நல்ல கை வைத்திருந்திருப்பார்.

எதையும் கழற்ற வேண்டாம். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

இடது கண்ணாடியை இடது கதவு ஸ்விட்சில் இறக்கினால் இறங்குகிறதா? அதையே ஓட்டுநர் கதவிலிருந்து இறக்கினாலும் இறங்குகிறதா? இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

ஏறாமல் போவதும் இரண்டு இடத்திலிருந்துமா, ஒரு இடத்திலிருந்து மட்டுமா?

எப்போதாவது ஏறுகிறது என்றீர்கள். அப்படி ஏறும்போது திணறி ஏறுகிறதா, பழையபடி விறுவிறு என்று ஏறுகிறதா? ஏறுவதற்குச் சற்று முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். டாக்டரிடம் சொல்வதுபோல, சின்னதையும் விடாமல்.

சிப்புட் கலா | ஞாயிறு, காலை 8:15

மாமா, நன்றி. காலையில் தேநீர் குடிக்கும் முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டேன். தம்பி, லாக் பட்டன் சரியாக இருக்கிறது, ரப்பரை ஆட்டியும் ஒன்றும் நடக்கவில்லை.

இறங்குவது இரண்டு இடத்திலிருந்தும் நடக்கிறது. ஏறாதது இரண்டு இடத்திலிருந்தும்தான். ஏறும்போது திணறல் இல்லை, மற்றக் கண்ணாடி மாதிரியே ஏறுகிறது. ஏறாதபோது சுத்தமாக அசைவே இல்லை, சத்தமும் இல்லை.

கடைசிக் கேள்விதான் யோசிக்கவைத்தது. கோபத்தில் என் பக்கத்துக் கதவில் இருக்கும் இடது கண்ணாடி ஸ்விட்சை மேலும் கீழும் படபடவென்று தட்டுவேன். அப்படித் தட்டிவிட்டு ஏற்றினால் சில தடவை ஏறியிருக்கிறது. இன்று காலையும் அப்படித்தான் ஏற்றினேன். தற்செயல் என்று நினைத்திருந்தேன்.

பட்டறை மாமா | ஞாயிறு, காலை 10:02

தற்செயல் இல்லை. குற்றவாளியை நீங்களே பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணாடி மோட்டாருக்கு இரண்டே வயர். ஒன்றில் 12 வோல்ட், மற்றதில் எர்த் (கார் பாடியோடு சேரும் இணைப்பு) கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். ஸ்விட்சின் வேலையே இந்த மாற்றுவதுதான். யாரும் தொடாதபோது இரண்டு வயரும் எர்த்தில் உட்கார்ந்திருக்கும். "ஏறு" என்று அமுக்கினால் ஏற்றும் வயர் மட்டும் எர்த்தை விட்டு 12 வோல்ட்டுக்குத் தாவும். இறக்கும் வயர் எர்த்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் திரும்பிப் போகிற வழி அதுதான். "இறங்கு" என்றால் இதற்கு நேர்மாறு.

சரி, இடது கதவின் வயர்கள் எங்கே எர்த்தைத் தொடுகின்றன? இடது கதவில் இல்லை. பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் இடது ஸ்விட்சுக்குத் தனி எர்த்தே கிடையாது. அதன் இரண்டு வயரும் டாஷ்போர்டுக்கு அடியில் வலது பக்கம் ஓடி, ஓட்டுநர் கதவில் நாலு கண்ணாடியையும் இயக்கும் மாஸ்டர் ஸ்விட்சுக்குள் போய், அங்கேதான் எர்த்தைத் தொடும். மேனேஜர் பங்களா மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அந்த மாதிரி. ஒன்று கெட்டால் மற்றதும் கோளாறு காட்டும். உங்கள் அப்பா இருந்திருந்தால் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொண்டிருப்பார்.

இப்போது நீங்கள் சொன்னதை இதன் மேல் வைத்துப் பார்ப்போம். ஏறும் மின்சாரம் திரும்ப வேண்டியது இறக்கும் வயர் வழியாக. அந்த வயர் அறுந்திருக்குமா? இருக்காது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறக்கினால் இறங்குகிறதே, அந்த 12 வோல்ட் இதே வயரில்தானே இடது கதவுக்குப் போகிறது! வழியில் இருக்கிற இடது ஸ்விட்சும் அதை விடுகிறது, ஆக அதுவும் நல்லது. நீங்கள் மாற்றிய பழைய ஸ்விட்சும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். மாஸ்டருக்கு வரும் பொது எர்த் போயிருக்குமா? அதுவும் இல்லை. இறங்கும்போது ஏற்றும் வயர் அந்த எர்த்துக்குத்தான் திரும்புகிறது, இறங்குகிறதே.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். மாஸ்டர் ஸ்விட்சுக்குள், இடது கண்ணாடியின் இறக்கும் வயர் சும்மா இருக்கும்போது எர்த்தைத் தொடுகிற காண்டாக்ட். கருகியிருக்கும். நீங்கள் கோபத்தில் தட்டும்போது அது உரசி உரசிக் கொஞ்சம் சுத்தமாகி, ஒரு தடவைக்கு வேலை செய்கிறது.

நோய் இடது கதவில் தெரிகிறது. இருப்பது வலது கதவில்.

ஓட்டுவண்டி | ஞாயிறு, காலை 10:50

மாமா, தியரி அழகாக இருக்கிறது. ஆனால் நேரில் பார்க்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? மோட்டார் பலவீனமாக இருந்தாலும் இறங்கும், ஏறாது. இதற்கு உங்கள் பதில் என்ன?

பட்டறை மாமா | ஞாயிறு, காலை 11:15

நல்ல கேள்வி, நீங்கள் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் பலவீனமான மோட்டார் முனகும், பாதியில் நிற்கும், கையால் கண்ணாடியைத் தாங்கிக் கொடுத்தால் ஏறும். காய்ந்துபோன கண்ணாடி ரப்பரும் அப்படித்தான் செய்யும். ஒரு தடவை விறுவிறு என்று ஏறி, அடுத்த தடவை பிணம் மாதிரிக் கிடந்தால் அது மோட்டாரின் குணம் இல்லை.

இருந்தாலும் என் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். மீட்டர் இருக்கிறதே, அதைக் கேட்போம்.

கலாம்மா, இடது கதவு ஸ்விட்சை மேலே தூக்குங்கள், பிளக்கைக் கழற்றாதீர்கள். மீட்டரை டிசி 50 வோல்ட்டில் வையுங்கள். சாவி ஆன். கறுப்பு முனை கார் பாடியில். கண்ணாடி ஏற மறுக்கிற நேரமாகப் பார்த்து, இடது ஸ்விட்சை "ஏறு" என்று அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையைப் பிளக்கின் பின்பக்கமாக மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரிலும் மாறி மாறி வையுங்கள். நல்ல நிலையில் ஒன்று 12 காட்டும், மற்றது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நான் சொல்வது சரியென்றால் இரண்டுமே 12 காட்டும். மோட்டாருக்குள் புகுந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் மறு வயரிலும் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

அப்படி வந்தால் கடைசிச் சோதனை. ஒரு துண்டு வயரில் நடுவே 15 ஆம்பியர் பியூஸ் போட்டு, 12 காட்டக் கூடாத அந்த இறக்கும் வயரைப் பாடியோடு சேர்த்துவிட்டு "ஏறு" அமுக்குங்கள். ஏறினால் வழக்கு முடிந்தது. அந்தத் துண்டு வயர் இருக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்தும் "இறங்கு" அமுக்கக் கூடாது. 12 வோல்ட் நேராக எர்த்துக்குப் போகும். நடுவில் பியூஸ் போடச் சொன்னது அதற்காகத்தான்.

இன்னொன்று. சும்மா சும்மா அமுக்கிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும், உள்ளே அதற்கென்று ஒரு பாதுகாப்பு உண்டு. சில நிமிஷம் விட்டால் திரும்ப வரும். அந்த நேரத்தில் மீட்டர் வைத்தால் தலை சுற்றும்.

கிராணி பேரன் | ஞாயிறு, பகல் 12:30

மாமா, எதற்கு இத்தனை சுற்று? மாஸ்டர் ஸ்விட்ச்தான் என்றால் அதன் மேலேயே டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஒரு அடி அடித்தால் போதாதா? எங்கள் வீட்டில் கதவுக் கீலிலிருந்து சைக்கிள்வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

பட்டறை மாமா | ஞாயிறு, பகல் 12:44

அந்த நீலக் குப்பியில் இருப்பது எண்ணெய் சேர்ந்தது தம்பி. இன்று ஓடும், நாளை அந்த எண்ணெயிலேயே தூசு உட்காரும். நம் பக்கம் செம்மண் பாதையில் ஓடுகிற காருக்குக் கேட்கவே வேண்டாம். ஸ்விட்சுக்கு என்று காண்டாக்ட் கிளீனர் தனியாக விற்கிறான், அடித்த கொஞ்ச நேரத்தில் மிச்சமில்லாமல் ஆவியாகும். அதையும் மூடின ஸ்விட்சின் மேலே அடித்துப் பிரயோஜனம் இல்லை, திறந்து அடிக்க வேண்டும்.

சிப்புட் கலா | ஞாயிறு, மாலை 6:48

முடித்துவிட்டேன். முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் எந்த வயரில் வைத்தாலும் பூஜ்யம். மாமா சொன்னதெல்லாம் தப்போ, மீட்டர் செத்துவிட்டதோ என்று நினைத்தேன். பார்த்தால் கறுப்பு முனையைக் கதவின் பெயின்ட் மேல் வைத்திருக்கிறேன். கதவு கொக்கி போட்டுப் பூட்டுகிற இடத்தில் இருக்கும் வெறும் இரும்பு போல்ட்டுக்கு மாற்றியதும் ஊசி துள்ளியது.

முதல் வயர் 12. இரண்டாவது வயரும் 12! கண்ணாடி அசையவே இல்லை. சந்தேகத்துக்கு மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், அதேதான். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் பழைய ஹார்ன் வயரில் பியூஸ் மாட்டிக் கொடுத்தான். அதைப் போல்ட்டில் சேர்த்துவிட்டு "ஏறு" அமுக்கினேன். அப்படியே ஏறியது! வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா கைதட்டினார். எழுந்து போய்க் குப்பைப் பையை அவரே கிழித்துப் போட்டார்.

மோட்டாருக்கு 180 வெள்ளி கொடுத்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஓட்டுவண்டி | ஞாயிறு, இரவு 7:20

ஒப்புக்கொள்கிறேன். என் காரில் உண்மையிலேயே மோட்டார்தானா என்று இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பட்டறைக்காரர் மோட்டாரோடு சேர்த்து வேறு எதையாவது மாற்றினாரா என்று இனி யாரைக் கேட்பது?

ஈப்போ செல்வி | ஞாயிறு, இரவு 8:05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது புதுக் கார், நாலு கண்ணாடியும் ஒரு தட்டுத் தட்டினால் தானே ஏறும். போன வாரம் பேட்டரி மாற்றியதிலிருந்து தட்டினால் கொஞ்சம் ஏறி நின்றுவிடுகிறது, விரலை எடுக்காமல் பிடித்தால்தான் ஏறுகிறது. நானும் இந்த 12 வோல்ட் சோதனையைச் செய்யலாமா?

லிந்தாங் தம்பி | ஞாயிறு, இரவு 8:22

வேண்டாம் அக்கா! உங்கள் காரில் ஸ்விட்ச் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் அனுப்பாமல் இருக்கலாம். பல புதுக் கார்களில் அது கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சேதி மட்டும்தான் அனுப்பும். அந்த மெல்லிய வயரில் 12 வோல்ட்டையோ எர்த்தையோ கொண்டுபோய்ச் சேர்த்தால் பெட்டி போய்விடலாம். சில கார்களில் கதவிலேயே ஏர்பேக் சென்சார் வேறு இருக்கும்.

உங்களுடையது பெரும்பாலும் கோளாறே இல்லை. பேட்டரியைக் கழற்றினால் கண்ணாடி எதுவரை ஏற வேண்டும் என்பதை மறந்துவிடும். பல கார்களில் ஸ்விட்சைப் பிடித்து முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் சில விநாடி அப்படியே பிடித்திருந்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு கதவிலும் தனியாகச் செய்ய வேண்டும். கார் புத்தகத்தில் உங்கள் மாடலுக்கு உரிய முறை இருக்கும்.

ஈப்போ செல்வி | ஞாயிறு, இரவு 8:51

சரியாகிவிட்டது. பார்க்கிங்கில் உட்கார்ந்து நாலு கதவுக்கும் செய்தேன். காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். நன்றி தம்பி.

சிப்புட் கலா | திங்கள், இரவு 9:30

இன்று வேலை முடிந்து வந்து மாஸ்டரைக் கழற்றினேன். கதவின் உள்பலகையைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. கைப்பிடிக் குழியில் ஒரு சின்ன மூடி, அதற்கு அடியில் ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்துவிட்டு, துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் ஸ்விட்ச் பலகையின் ஒரு ஓரத்தை நெம்பினால் எழுந்துவிட்டது. பிளக்தான் வம்பு செய்தது. ஓரத்தில் இருக்கிற நாக்கை அமுக்கிக்கொண்டு பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கவில்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்து, இரண்டு முனையையும் சேர்த்து ஊசியைப் பூஜ்யத்துக்குத் திருகினேன், அப்பா செய்வதைப் பார்த்த ஞாபகம். பிளக்கில் எந்தத் துளை பாடியோடு பூஜ்யம் காட்டுகிறதோ அது எர்த். ஸ்விட்சில் அதற்கு நேரான உலோகப் பின்னில் ஒரு முனை. மறுமுனையை மற்ற பின்களில். நாலு கண்ணாடி, கண்ணாடிக்கு இரண்டு, மொத்தம் எட்டு. யாரும் அமுக்காத நிலையில் எட்டிலும் ஊசி முழுக்கச் சாய வேண்டும் அல்லவா? ஏழில் சாய்ந்தது. ஒன்றில் அசையவே இல்லை. அந்தப் பட்டனை நாலு தடவை தட்டிவிட்டு வைத்தால் பாதிவரை போய் நடுங்கியது. மாமா, நடுங்கும் என்று நீங்கள் சொன்னது இதுதானே!

திறந்து சுத்தம் பண்ணலாமா, நேராகப் புதுசு வாங்கலாமா?

பட்டறை மாமா | திங்கள், இரவு 9:58

அதேதான். பட்டறையில் இருபது வருஷம் இருந்தவன் செய்கிற வேலை, அவசரப்படாமல் செய்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குச் சுத்தம் பண்ணினால் போதும். ஆனால் அது தற்காலிகம். காண்டாக்ட் மேல் இருக்கிற பூச்சு கருகிப் போனபிறகு செம்பு மறுபடி சீக்கிரம் கருகும். ஒரு மாதமோ ஆறு மாதமோ ஓடும். அதற்குள் நல்லது ஒன்று தேடிக்கொள்ளுங்கள்.

திறக்கும்போது பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறங்கள். உள்ளே கடுகு மாதிரி ஸ்பிரிங் இருக்கும், பறந்தால் கிடைக்காது. ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். கரியை மிக நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, அதற்கு மேல் தேய்க்கக் கூடாது. பிறகு காண்டாக்ட் கிளீனர், காது குடையும் பஞ்சு. கிரீஸ் எதுவும் காண்டாக்ட் மேல் தடவாதீர்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? கண்ணாடி மேலே முட்டிய பிறகும் விரலை எடுக்காமல் பிடிப்பதுதான் ஸ்விட்சுக்கு எமன். முட்டி நிற்கும்போது மோட்டார் மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும். அந்த நேரம் விரலை எடுத்தால் உள்ளே தீப்பொறி பறக்கும். அந்தக் கரண்ட் முழுக்க இந்தக் காண்டாக்ட் வழியாகத்தான் திரும்பும், சூடாகிக் கருகிவிடும்.

கிராணி பேரன் | திங்கள், இரவு 10:10

உள்பலகையைப் பிரிக்காதது நல்லதாயிற்று அக்கா. நான் ஒரு முறை பிரித்தேன். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எதற்கு என்று தெரியாமல் கிழித்துவிட்டேன். அது மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கதவுக்குள்ளேயே கீழே வடிவதற்காம். அடுத்த மழைக்கு மிதியடியில் வெள்ளம், ஒரு வாரம் கழித்துக் காருக்குள் ஊறவைத்த மரவள்ளி வாசனை. தாளை ஒழுங்காக ஒட்டும்வரை விடவில்லை.

சிப்புட் கலா | செவ்வாய், இரவு 10:40

குழந்தைகள் இல்லை மாமா. அம்மாதான்! கண்ணாடி முழுக்க மூடிவிட்டதா என்று உறுதிசெய்ய ஓட்டுநர் இருக்கை வழியாகக் கைநீட்டி அமுக்கிக்கொண்டே இருப்பார். கேட்டால் "மழை உள்ளே வந்தால் யார் துடைப்பது?" என்கிறார்.

திறந்து பார்த்தேன். எட்டில் ஒன்று அடுப்புக்கரி. மற்றவற்றில் இரண்டு பழுப்பு. ஒரு ஓரத்தில் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டிய தே தாரிக் (பால் தேநீர்), அது என் கைங்கரியம், ஒத்துக்கொள்கிறேன். ஸ்பிரிங் ஒன்று பைக்குள் பறந்தது, பையால் தப்பித்தது. சுத்தம் பண்ணி மூடி, திரும்ப ஓம்ஸ் வைத்தால் எட்டிலும் ஊசி முழுக்கச் சாய்ந்து நின்றது. காரில் மாட்டி இருபது தடவை ஏற்றி இறக்கினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

சிப்புட் கலா | சனி, மாலை 5:25

கடைசி நிலவரம். நேற்று ஈப்போ போனபோது அம்மாவைச் சிகிச்சைக்கு விட்டுவிட்டு, பழைய சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். காரில் மாட்டிய ஸ்விட்சைக் கையோடு கொண்டுபோக முடியாதே, அதனால் பிளக்கின் படமும் ஸ்விட்ச் பின்களின் படமும் கைப்பேசியில் இருந்தன. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது மேலே பார்க்க அச்சு அசல் என்னுடையது. திருப்பிப் பார்த்தால் பின்களின் வரிசை வேறு. ஓட்டுநர் கண்ணாடி ஒரே தட்டில் தானே இறங்கும் வகையாம், அதற்குப் பின்கள் கூடுதல். படம் இல்லாமல் போயிருந்தால் வாங்கி வந்திருப்பேன்.

சரியான வகையில் இரண்டு இருந்தன. மீட்டரை எடுத்து மேசையில் வைத்ததும் கடைக்காரர் சிரித்தார், "அக்கா, உங்க தாத்தா மீட்டரா?" என்றார். அப்பா மீட்டர் என்றேன். முதல் ஸ்விட்சில் பின் வலது கண்ணாடிக்கு உரிய ஒன்றில் ஊசி நடுங்கியது. அவருக்கே காட்டினேன். பேசாமல் அதை எடுத்து வேறு பெட்டியில் போட்டுவிட்டு இரண்டாவதைக் கொடுத்தார். எட்டும் நல்லது. 50 வெள்ளி கேட்டார், 45க்கு வாங்கினேன்.

இன்று காலை மாட்டியாயிற்று. பிளக்கை மட்டும் சொருகி, நாலு கண்ணாடியும் ஏற்றி இறக்கி, லாக் பட்டனும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பலகையை அழுத்தி ஸ்க்ரூ போட்டேன். சுத்தம் பண்ணிய பழையதை மாற்றுச் சாமானாக டிக்கியில் வைத்திருக்கிறேன்.

மாமா, வெறும் நன்றி என்று எழுதினால் போதாது. சிப்புட் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், அம்மா உங்களுக்குச் சாப்பாடு போடாமல் விடமாட்டார்.

இப்போது என்னிடம் 65 வெள்ளி கொடுத்து வாங்கிய புது இடது ஸ்விட்ச் கதவில் இருக்கிறது, நல்ல நிலையில் உள்ள பழைய இடது ஸ்விட்ச் சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

ஓட்டுவண்டி | சனி, மாலை 6:02

எத்தனை பின்?

சிப்புட் கலா | சனி, மாலை 6:10

ஐந்து. ஓம்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன், நல்லா இருக்கிறது.

ஓட்டுவண்டி | சனி, மாலை 6:13

எடுத்துவையுங்கள். செவ்வாய்க்கிழமை பசார் மாலாமுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். ஆப்பம் பாலிக் என் செலவு.